முதலில் பிரேக், அப்புறம்தான் ஸ்டியரிங்

மேலூர் பக்கம் நாலுவழிச்சாலையில், மீடியன் அரளிச்செடி மறைவிலிருந்து ஒரு டூவீலர் திடீரென்று மூக்கை நீட்டும். கார் ஓட்டும் பலர் பயத்தில் பிரேக்கைப் பாதி மிதித்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பார்கள். வண்டி கவிழ்வது அந்த ஒடிப்பில்தான்.

பிரேக்கை ஒரே மிதியாக, முழு பலத்தோடு மிதிக்கணும். மேனுவல் கியர் என்றால் கிளட்சும் சேர்த்து. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் சுழல்வது நின்று வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது பெடல் கடகடவென்று உதறும். ஏதோ உடைந்துவிட்டதென்று பதறிக் காலை எடுக்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரஷரை விட்டு விட்டுப் பிடிக்கிற அதிர்வு அது. சக்கரம் உருண்டால்தான் வண்டி திரும்பும். மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, இடைவெளி இருக்கும் பக்கம் அளவாகத் திருப்பலாம். கண்ணும் அந்த இடைவெளியில் இருக்கணும். டூவீலரையே பார்த்தால் கை அங்கேதான் போகும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் எவ்வளவு ஒடித்தாலும் நேராகத்தான் இழுத்துக்கொண்டு போகும். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, திருப்பி, மறுபடி மிதிக்கணும்.

ஆடு, நாய் குறுக்கே வந்தால்? நேராகவே பிரேக் போடுங்கள். கல் மனசு என்று நினைத்தாலும் பரவாயில்லை, எதிரே லாரி வரும் பக்கம் ஒடிக்காதீர்கள்.

வேகக் கணக்கையும் பாருங்கள். காய்ந்த ரோட்டில், பிரேக் பிடித்த பிறகு மட்டும், 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர். 100 என்றால் 55. எண்பதில் வந்தது நின்றுவிட்ட அதே இடத்தை, நூறில் வந்தது இன்னும் 60 வேகத்தோடு கடக்கும். மிதிக்க முடிவெடுக்கும் அந்த ஒரு நொடியிலேயே எண்பதில் 22 மீட்டர் ஓடிவிடும் என்பது தனி.

அறுவடை சமயத்தில் வாடிப்பட்டி, மேலூர் கிராமத்து ரோடுகளில் காயப்போட்ட நெல்லும் வைக்கோலும் கிடக்கும். அதன்மேல் ஏபிஎஸ் இருந்தாலும் நிற்கும் தூரம் கூடும். ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடணும்.

டயர் வெடித்தால் மட்டும் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் நன்றாக இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள்.

சீட்டையும் சரிபாருங்கள்: பிரேக்கை முழுசாக அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கணும். டிரைவர் காலடியில் தண்ணி பாட்டில் வேண்டவே வேண்டாம். அது உருண்டு பெடலுக்கு அடியில் போனால் மிதிக்கவே முடியாது.