அமெரிக்க உள்நாட்டுப் போர்: இரண்டாவது முறை நான் படித்த விதம்

யுபிஎஸ்சி மெயின்ஸில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டாம் தாளில் லிங்கனையும் அடிமை ஒழிப்பையும் ஒட்டி இந்தப் போர் வருகிறது.

மாதிரித் தேர்வு ஒன்றில், போர் நடந்தது அடிமை முறைக்காகவா, ஒன்றியத்தை, அதாவது எல்லா மாநிலங்களும் சேர்ந்த அமெரிக்க நாட்டை, உடையாமல் காக்கவா என்று கேட்டிருந்தார்கள். வடக்கில் தொழிற்சாலை, தெற்கில் பருத்தி, சுங்கவரித் தகராறு, மாநில உரிமை, அடிமை முறை என்று ஐந்து காரணங்களுக்கும் தலைக்கு நாலு வரி எழுதிவிட்டு வந்தேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “யாருக்கு? எப்போது?”

அதை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தெற்கு, வலப்பக்கம் வடக்கு. எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் குறித்தேன்.

தெற்கின் பக்கம் சீக்கிரமே தெளிவாகிவிட்டது. அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் கை வைக்க மாட்டேன், மேற்கின் புதிய பகுதிகளுக்குப் பரவ விட மாட்டேன் என்பதுதான் 1860 தேர்தலில் லிங்கனின் நிலை. அதையே பொறுக்காமல் அந்த டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. சம்டர் கோட்டையில் முதல் குண்டு விழுந்து போர் தொடங்குவதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. மிசிசிப்பியின் அறிக்கை, தன் நிலை அடிமை முறையோடு பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் பேசினார்.

மாநில உரிமை என்று எழுதுமுன் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் படியுங்கள். தப்பி வந்தவர்களைப் பிடித்து உரிமையாளரிடமே திருப்பி அனுப்பச் சொன்ன சட்டம் அது. வட மாநிலங்கள் தம் சட்டங்களால் அதைத் தடுத்தபோது, மத்திய அரசு தலையிட வேண்டும் என்று கேட்டது தெற்குதான். தென் கரோலினாவின் பிரிவினை அறிக்கையிலேயே அந்தக் குறை இருக்கிறது. இந்த ஒரு சான்று போதும், பாதி விடை நிமிர்ந்துவிடும்.

வடக்கு அப்படி இல்லை, அதன் நோக்கம் போரின் நடுவில் மாறியது. 1861இல் அது ஒன்றியத்துக்காகவே போருக்குப் போனது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய அடிமை மாநிலங்களும் ஒன்றியத்தில்தான் இருந்தன. ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு லிங்கன் எழுதினார். ஆன்டீட்டம் சண்டை முடிந்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 22இல், விடுதலை அறிவிப்பின் முன்னறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த அந்த அறிவிப்பு கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும், அந்த நான்கு மாநிலங்களுக்குப் பொருந்தாது. இதைத் தவறாமல் எழுதுங்கள்.

இந்த மாற்றத்தை லிங்கன் ஒருவர் கணக்கில் மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். போர் தொடங்கியதிலிருந்தே அவர்களில் பலர் தப்பி ஒன்றியப் படை முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை அரசின் முன் வைத்தவர்கள் அவர்கள்தான். பிறகு சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் போரிட்டார்கள். என் முதல் விடையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

சண்டைகளில் ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் மூன்றும் போதும். 1865 ஏப்ரல் 9இல் அப்போமாடக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்தது, டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலோடு நடப்புக்கு வந்தது, இந்த இரண்டோடு விடையை முடிக்கலாம். விடுதலை நிலைத்ததா என்று கேட்டால் மட்டும் குடியுரிமை, வாக்குரிமை பற்றிய 14, 15ஆம் திருத்தங்களையும் தொட்டு, தெற்கிலிருந்து மத்தியப் படைகள் விலகிய 1877 வரை போங்கள். அதற்குத் தனியாக இன்னொரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.