கூடுதல் பட்டம்: சேரும் முன் யாரிடம் கேட்க வேண்டும்?

வேலூரில் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து, குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத்திலும் ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. காட்பாடிப் பக்கம் ஒரு சேர்க்கை மையத்தில் விசாரித்ததற்கு, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே டிகிரி இருக்கிறதே சார், ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம்" என்றார்கள். அதில் பொய்யில்லை. ஒரு பட்டம் பெற்றவருக்குப் பகுதி 1, பகுதி 2 மொழித்தாள்களிலிருந்து விலக்களித்து, பகுதி 3-இல் உள்ள முதன்மைப் பாடத் தாள்களை மட்டும் எழுத வைக்கும் முறை தமிழகப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இருந்ததுதான். அந்தப் பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

அரசுப் பள்ளியில் ஓய்வுபெற்ற எங்கள் தெரு ஆசிரியர் ஒருவர்தான், ஓராண்டு இரட்டைப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு கேட்டவர்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, மூன்றாண்டு படித்தவர்களுக்குச் சாதகமாக முடிந்ததை எனக்கு எடுத்துச் சொன்னார். பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம்; அதைக் கல்வித் தகுதியாக ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வேலை தரும் அமைப்பு. ஆகவே பல்கலைக்கழகத்தின் விளக்கக் குறிப்பேட்டைப் புரட்டுவதற்கு முன், நீங்கள் குறிவைக்கும் பணியின் அறிவிக்கையைத் தேடிப் படியுங்கள். ஓராண்டுப் படிப்புக்காக அந்தச் சேர்க்கை மையத்தில் நான் கட்டிய முன்பணம் 2,000 ரூபாய் திரும்பி வரவில்லை. தொலைநிலைக் கல்வியில் மூன்றாண்டு பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தேன். சொந்தத் தேவைக்கோ ஆர்வத்துக்கோ படிப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 ஏப்ரலில் வழிவிட்டது. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையிலும் படிக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. என் தம்பி இதை நம்பி, வேலூரில் நேரடி பி.காம். படித்துக்கொண்டே தொலைநிலையில் ஒரு பி.ஏ.வுக்கும் பதிவு செய்தான். மூன்றாம் பருவத்தில் இரண்டு ஹால்டிக்கெட்டுகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தோம்: ஒரே தேதி, இரண்டிலும் காலை 10 மணி. வகுப்பு நேரத்தைப் பற்றி விதி பேசுகிறது. தேர்வு அட்டவணையையோ ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்போக்கில் போடுகிறது. பி.ஏ. தாள் அரியர் ஆனது. இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்காமல், ஓராண்டு இடைவெளி விட்டுத் தொடங்கியிருந்தால் சுமையாவது குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பொறியியல், சட்டம், மருத்துவம் போன்றவற்றைத் தொலைநிலையில் தருவதாக யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு அனுமதி இல்லை. மற்ற படிப்புகளுக்கு, நீங்கள் சேரும் பருவத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் ஒப்புதல் உள்ளதா என்று யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள், போன ஆண்டு ஒப்புதல் இருந்தது என்பது போதாது. இப்போது தொலைநிலைச் சேர்க்கைக்கு ஏ.பி.சி. கணக்கை (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் இணையக் கணக்கு) கொண்டு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. ஐ.டி. என்ற அடையாள எண்ணை உருவாக்கியாக வேண்டும், அதை மையத்தாரிடம் விடாமல் உங்கள் கைப்பேசி எண்ணிலேயே நீங்களே செய்துவிடுங்கள். ஒப்புதல் பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, முதல் கட்டண ரசீதோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன்.