பிவிசி குழாய், தூக்குக்குண்டு, 40,000 கிலோமீட்டர்

ஆகஸ்ட் 18

சென்னையில் ஆண்டுக்கு இரண்டு நாள், நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொன்று. நிழலில்லா நாள் என்கிறார்கள். அதை வைத்துப் பூமியின் சுற்றளவை அளந்து பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. வீட்டில் பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய் ஒன்று கிடந்தது. சரியாக ஒரு மீட்டருக்கு அறுத்து, பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நட்டேன். ஆதம்பாக்கம், இரண்டாம் மாடிக்கு மேல் மொட்டை மாடி.

12 மணிக்குப் பார்த்தால் நிழல் ஐந்தரை சென்டிமீட்டருக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சரி, ஏதோ தப்பு என்று கீழே இறங்கிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு குழாயில் இல்லை, கடிகாரத்தில். நாம் கட்டியிருக்கும் நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர 9 நிமிடம் கூடுதலாக ஆகும். நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து கணித்து, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று ஒரு 'மதராஸ் நேரம்' முன்பு இருந்தது. ரயில்கள்கூட அந்தக் கணக்கில்தான் ஓடின. 1906-இல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம் வந்ததும் அந்த 9 நிமிடம் கணக்கிலிருந்து மறைந்தது. இது போக, பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ஆகஸ்ட் நடுவில் இன்னும் 4 நிமிடம் தாமதம். ஆக, அன்றைய உச்சிப்பொழுது 12.13. நான் ரசத்துக்கு வந்திருந்த நேரம்.

செப்டம்பர் 22

இந்த முறை நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்காவையும் இழுத்துவிட்டேன். நாகை எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. கணக்கு எளிதுதான். கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டுப் போனது. சூரியக் கதிர்கள் இணையாக வருகின்றன. ஒரே நாள் உச்சிப்பொழுதில் இரண்டு ஊர்களில் நிழல் வெவ்வேறு கோணம் காட்டினால், அந்த வித்தியாசம் பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம். அவருக்கு எகிப்தில் சையீனுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் இடையே வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கிடைத்தது. இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு). ஐம்பதால் பெருக்கினார், முடிந்தது.

எனக்கு 22.9 சென்டிமீட்டர் நிழல். அக்காவுக்கு 19.9. கோண வித்தியாசம் 1.64 பாகை. வரைபடத்தில் வடக்கு தெற்காக 246 கிலோமீட்டர். பெருக்கி வகுத்தால் பூமியின் சுற்றளவு 53,900 கிலோமீட்டர்! இருக்க வேண்டியது 40,000.

"வெயில்ல நிக்க வச்சு நிழலை அள, நிழலை அளன்னா, எனக்கு வேற வேலை இல்லையாடா?" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். மருமகன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கம்பைத் துணி காயப்போடும் கொடிக் கம்பத்தோடு கட்டியிருக்கிறார்கள், கொடி இழுக்கும் பக்கமாக அது சாய்ந்திருக்கிறது. ஒரு மீட்டர் கம்பின் நுனி ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலே அரைப் பாகைக்கு மேல் போய்விடும். இரண்டு பாகையை அளக்கும் இடத்தில் அரைப் பாகை தவறினால் பூமி பெருக்காமல் என்ன செய்யும்?

என் பக்கமும் சுத்தம் இல்லை. மொட்டை மாடித் தரை மட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் மேஸ்திரி சிரித்தார். "மழைத் தண்ணி ஓடணும்னு வாட்டம் விட்டுத்தான சார் தளம் போடுவோம்." அவரிடமே செங்குத்து பார்க்க ஒரு தூக்குக்குண்டையும் மட்டம் பார்க்க ஒரு ரசமட்டத்தையும் இரவல் வாங்கி வந்தேன். திருப்பித் தர ஒரு மாதம் ஆனது.

டிசம்பர், ஒரு ஞாயிறு

மழை ஓய்ந்து வெயில் வந்த நாள் மகளோடு பரங்கிமலை ஏறினோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மேலே, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. தேவாலயம் பார்க்க வருகிறவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நானும் எத்தனையோ முறை கடந்து போனவன்தான்.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி இந்த மலையடிவாரத்தில்தான் அவர் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வைத்து, அதற்குள் சங்கிலியை நீட்டி, கூடவே வெப்பமானியும் வைத்து, ஒவ்வொரு நீட்டலாக ஏழரை மைல். ஏறக்குறைய 400 முறை நீட்டினார்கள், 57 நாட்கள் ஆயின. வெப்பமானி எதற்கு என்று மகள் கேட்டாள். 10 டிகிரி கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒன்றுக்கு அவ்வளவு என்றால் 400-க்கு ஒன்றரை மீட்டர் வந்துவிடும். சென்னை ஏப்ரல், மே வெயிலில் உட்கார்ந்து அந்த ஒன்றரை மீட்டருக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரே கோட்டின் நீளத்திலிருந்துதான், கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தூரங்களைக் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிப்போனது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அதைத் தானே தட்டி நிமிர்த்தினாராம். இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் இமயத்தின் உயரம் கணிக்கப்பட்டது. எவரெஸ்டுக்கு 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். ஆனால் லாம்டனின் ஆசை மலை இல்லை, ஒரு பாகை எத்தனை அடி என்பதுதான். என் ஆசையும் அதுவே என்பதால் சிலைக்கு முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் தூரத்தைத் தரையில் அளந்தார். நான் போனில் எடுத்தேன். போனில் இருக்கும் வரைபடம் பூமியின் அளவு தெரிந்தபின் வரைந்தது! விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி, பொங்கலுக்கு மறுநாள்

அதனால் நாகைக்குப் பைக்கில் போனேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாலை திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, ஓடோமீட்டரையும் காம்பஸையும் பார்த்து நோட்டில் எழுதினேன். கடலூர் தாண்டியதும் ஒரு டீக்கடைக்காரர் "நெடுஞ்சாலைத் துறையா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், இரண்டாவது டீ இலவசமாகக் கிடைத்திருக்கும். மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரவு அக்கா வீட்டுக் கூடத்தில் கிராப் தாளை ஒட்டி ஒட்டி வரைந்தேன். நேர் வடக்கு தெற்காக 258 கிலோமீட்டர் வந்தது.

நிழலுக்கும் ஒரு திருத்தம் செய்திருந்தேன். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான வட்டு. அதனால் கம்பின் நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் வரை மங்கிப்போய், எங்கே முடிகிறது என்றே தெரியாது. குழாய் உச்சியில் துளையிட்ட அட்டையை ஒட்டினால் தரையில் சூரியனின் சிறிய உருவம் விழுகிறது. அதன் நடுவைக் குறிப்பது எளிது. நாகையில் நான், ஆதம்பாக்கத்தில் மகள். 12 மணியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொண்டோம்.

அவளுக்கு 67.2 சென்டிமீட்டர், எனக்கு 61.5. வித்தியாசம் 2.3 பாகை. சுற்றளவு 40,400 கிலோமீட்டர். அக்காவே கைதட்டினாள்.

ஏப்ரல் 24

கான்பூரில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழன் நினைவுக்கு வந்தான். சென்னையும் கான்பூரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. 13 பாகைக்கு மேல் இடைவெளி இருப்பதால் சிறிய தவறு அவ்வளவாக உறுத்தாது. "டேய், தூக்குக்குண்டு வெச்சு நிமிர்த்துடா" என்று மூன்று முறை சொன்னேன்.

மாடியில் அம்மா கூழ் வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தாள். எனக்குக் கிடைத்தது ஒரு மூலை. 12.07-க்குக் குழாயின் நிழல் உண்மையாகவே காணாமல் போனது. பக்கெட்டுக்கும் நிழல் இல்லை. வடகத்துக்குக் காவல் நின்ற குடைக்கம்புக்கும் இல்லை. வெறுங்காலோடு நின்றதில் பாதம் பொரிந்ததுதான் மிச்சம். கான்பூரில் 24.4 சென்டிமீட்டர், அதாவது 13.7 பாகை. தூரம் 1,490 கிலோமீட்டர். விடை சுமார் 39,100. நல்ல விடைதான், ஆனால் அந்த 1,490 மறுபடியும் வரைபடத்துக் கடன். கான்பூருக்குப் பைக்கில் போகிற தைரியம் எனக்கில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 40,000 என்று இவ்வளவு முழு எண்ணாக ஏன் இருக்கிறது? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று வகுத்தார்கள். அதிலும் 0.2 மில்லிமீட்டர் குறைந்துபோனது. நான் குழாயை அறுக்கப் பிடித்த டேப்பிலேயே பூமி இருந்திருக்கிறது.

மே

ஜனவரிக் கணக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வரைபடத்தில் 246, என் நோட்டில் 258. போன ஞாயிறு விடியற்காலையில் அதே சாலையில் கிலோமீட்டர் கற்களோடு ஓடோமீட்டரை ஒப்பிட்டேன். 10 கல்லுக்கு அது 10.4 காட்டுகிறது. அப்படியென்றால் 258 இல்லை, 248.

புதிய எண்ணைப் போட்டேன். 40,400 போய் 38,800 ஆனது. தவறைத் திருத்தியதும் விடை கெட்டுவிட்டது! கோணத்திலும் ஒரு தவறு இருந்து, அது ஓடோமீட்டர் தவறோடு சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எரடோஸ்தெனிஸுக்கும் இப்படி நடந்திருக்கலாம். அவர் நினைத்தபடி சையீன் சரியாகக் கடகரேகையில் இல்லை, அலெக்சாண்டிரியாவுக்கு நேர் தெற்கேயும் இல்லை.

"அப்பா, 40,400-ஏ இருக்கட்டுமே" என்றாள் மகள். நோட்டில் 38,800 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மேஸ்திரியிடம் மறுபடி ரசமட்டம் கேட்க வேண்டும். ஜனவரியில் ஆதம்பாக்கத்தில் நிழல் விழ மட்டமாக வைத்த பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்த செங்கல்மேல்தான் இப்போது என் சந்தேகம்.