கிரீச் கிரீச்

பாப்பாவுக்கு நேத்தோட 50 நாள் ஆச்சு. போன வாரம்தான் 6 வார தடுப்பூசி போட்டோம், ரெண்டு தொடையிலயும் ஒரு கையிலயும் ஊசி, வாயில போலியோ சொட்டு ரோட்டா சொட்டு வேற, அவ அழுததைவிட நான் அழுததுதான் ஜாஸ்தி. நைட்டு காய்ச்சல். 2 மணிக்கு அரைத்தூக்கத்துல, டாக்டர் எழுதிக் குடுத்த பாராசிட்டமால் டிராப்ஸை கோடு பார்த்து எடுத்து வாயில விட்டா அப்படியே என் நைட்டி மேலயே துப்பிட்டா.

இதுல விக்கல் வந்தா போதும், "ஒரு சொட்டு தண்ணி குடும்மா"ன்னு பக்கத்து வீட்டு அக்கா வந்துருவாங்க. 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான்க்கானு இதோட எத்தனை தடவை சொல்றது! அத்தை இருக்காங்களே, வசம்பைச் சுட்டு நாக்குல தடவணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கையில வளையலா கட்டிக்கோங்க அத்தை, வாய்க்குள்ள வேணாம்னு சமாதானம் பண்ணி வச்சிருக்கேன்.

தூளி கதைதான் பெரிய கொடுமை. அம்மாவோட பழைய நூல் புடவையில கட்டினது, ஆட்டுனா மேல கொக்கி கிரீச் கிரீச்னு கத்தும். இவரு பாவம், பிள்ளை தூங்கட்டுமேன்னு ஸ்டூல் போட்டு ஏறி தேங்காய் எண்ணெய் விட்டாரு. சத்தம் சுத்தமா நின்னுச்சு, பாப்பா பட்டுனு கண்ணைத் தொறந்துட்டா! அந்த சத்தத்துலதான் இத்தனை நாள் தூங்கியிருக்கா போல.

இப்போ ரெண்டு நாளா இவரு தூளிய ஆட்டிக்கிட்டே வாயால கிரீச் கிரீச்னு சொல்லிட்டிருக்காரு.