மச்சான் சுடுவார், நான் சுமப்பேன்

ஒரு மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து, 26 கிலோ சோனா மசூரி மூட்டையை டிரெக்கிங் பைக்குள் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு, எங்கள் அபார்ட்மெண்டின் பதினோரு மாடியையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். நாலாவது மாடி அக்கா பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் "லிஃப்ட் திரும்பவும் ரிப்பேரா தம்பி?" என்று கேட்கிறார். இல்லக்கா, அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்குத் தயாராகிறேன் என்று காலை ஆறு மணிக்கு எப்படிச் சொல்வது, ஆமாக்கா என்று சொல்லிவிட்டு ஏறிவிடுகிறேன். (மூட்டை ஏன் 26 கிலோ என்றால், 2022 இல் 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்ட அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தது, மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டிவிட்டார்கள். என் முதுகுக்கு அந்த ஒரு கிலோ நன்றாகவே தெரிகிறது.)

விஷயம் இதுதான். என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வர் பக்கம் இருபது வருடமாக இருக்கிறார், அந்த ஊர்க் குடிமகனே ஆகிவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து வேட்டைக்குப் போய்ப் பழகி இப்போது அதுதான் அவருக்கு தீபாவளி, பொங்கல் எல்லாம். கொலராடோவில் ரைஃபிளால் எல்க் சுட விடுகிற சீசன் நான்கு. நாலாவது சீசன் நவம்பர் பிற்பாதியில் வரும், வெறும் ஐந்து நாள், அதற்கு டேக், அதாவது ஒரு எல்க்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, குலுக்கலில்தான் கிடைக்கும், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். இந்த வருடம் மச்சானுக்கு ஆண் எல்க் டேக் விழுந்துவிட்டது. விழுந்த அன்றைக்கே போன். "மாப்ளே, டிக்கெட் போடுங்க."

நான் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாராக இருந்தாலும் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த அட்டை இருந்தால்தான் அங்கே லைசென்ஸ் வாங்க முடியும், என்னிடம் அது கிடையாது, ஆசையும் கிடையாது. என் வேலை மூன்று: வரைபடம் பார்ப்பது, சமைப்பது, சுமப்பது. மூன்றாவதுதான் இந்தப் பதிவு.

எல்க் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் இன்னும் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் போகும். எலும்பெல்லாம் கழித்தாலும் நூறு கிலோ கறி, அதோடு கொம்பு. சுடுவது ஒரு நொடி வேலை, அந்த நூறு கிலோவை வண்டிவரைக்கும் கொண்டுவருவதுதான் வேட்டை. மூன்று வருடத்துக்கு முன்பு நான் அங்கே போயிருந்தபோது மச்சான் ஒரு பெண் எல்க்கைச் சாயங்காலம் நாலரைக்கு ஒரு பள்ளத்துக்குள் சுட்டார். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. வண்டி ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஏற்றத்தில். குளிர்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன் அறியாப்பிள்ளையாக. வெளியே உறைந்தாலும் அந்தத் தோலும் ரோமமும் சேர்ந்து உள்ளே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தொடை எலும்பைச் சுற்றி இருக்கிற கறி விடிவதற்குள் நாறிவிடும், அதனால் அப்போதே தோலை உரித்துத் தொடைகளைத் தனித்தனியாகக் கழற்றி ஆறவிட வேண்டும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நான் காலைப் பிடிக்க அவர் அறுத்தார். உரித்த தொடையிலிருந்து ஆவி பறந்ததும், கையுறைக்குள் என் விரல் மரத்துப்போய் அந்தக் கறியின் சூட்டிலேயே கையை வைத்துக் கதகதப்பு தேடியதும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு நடை. மறுநாள் மத்தியானம் முடிந்தது. என் வலது முழங்கால் அதற்குப் பிறகு மழைக்கு முன்பே மழை சொல்கிறது.

அதனால் இந்தத் தடவை நான் கணக்கோடுதான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஃபில்டர் காபியோடு உட்கார்ந்தால் அவருக்குச் சனிக்கிழமை ராத்திரி ஏழரை, சாப்பாட்டுக்கு முன்பு ஒரு மணி நேரம் கிடைக்கும், இருவரும் ஒரே வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். மஞ்சள் நிறம் நில மேலாண்மைத் துறையுடையது, பச்சை தேசியக் காடு, வெள்ளை தனியார். மஞ்சளிலும் பச்சையிலும் டேக் இருக்கிற யாரும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்த மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி மத்திய அரசு நிலம். முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நம் ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, காட்டுக்குள் நடக்கவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் எல்க்குக்கும் பட்டா எது, புறம்போக்கு எது என்று நன்றாகத் தெரியும். பனி முக்கால் முழம், ஒரு முழம் என்று ஏறினால் மேலே மேய முடியாமல் மந்தை கீழே இறங்கும், இறங்கி நேராகப் பண்ணைக்காரர்களின் புல்வெளிக்குப் போய் நிற்கும், அதாவது வெள்ளை நிறத்தில். வேலிக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சு சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இது பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்த மந்தையின் கதை. பெரிய ஆண்கள் வேறு ஜாதி. செப்டம்பரில் இணை சேரும் காலம் முழுக்கக் கத்தி, சண்டை போட்டு, சரியாக மேயாமல், உடம்பில் ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்து போயிருக்கும். நவம்பரில் அவை தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஒதுங்கி, ஆள் வராத செங்குத்தான சரிவில் புல்லும் மரநிழலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துப் படுத்துவிடும். தெற்கு பார்த்த சரிவில் வெயில் பட்டுப் பனி கரைந்து புல் தெரியும், அதன் முதுகுப்பக்கம் வடக்குச் சரிவில் அடர்ந்த ஊசியிலைக் காடு. இரண்டும் சேர்கிற மேட்டு விளிம்பைத்தான் நாங்கள் தேடித் தேடிக் குறிக்கிறோம்.

மச்சான் குறித்தது ஒயிட் ரிவர் தேசியக் காட்டுக்குள் ஒரு ஓடைப் பள்ளம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் தங்கச்சி வீட்டுக்காரன் என்றும் பார்க்க மாட்டார். அருமையான இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து 9 கிலோமீட்டர், காட்டுச் சாலைகளில் பாதிக்கு அந்த நேரத்தில் கேட் பூட்டியிருக்கும்.

"மச்சான், ஆளுக்கு மூணு நடை. மூணு தடவை சுமையோட வரணும், நடுவுல ரெண்டு தடவை வெறும் பையோட திரும்பப் போகணும். 45 கிலோமீட்டர். பனியில."

"கிடைச்சா போதும் மாப்ளே, எப்படியும் கொண்டுவந்துரலாம்."

"3 கிலோமீட்டர்னா 15தான்."

"3 கிலோமீட்டர்ல எல்லாரும்தான் இருப்பாங்க."

அவர் சொல்வதும் சரிதான், அதுதான் எரிச்சல். எல்லோரும் நடக்கிற தூரத்தில் எல்க் நிற்காது. நான் எதிர்யோசனையாகக் கொடுத்தது தூரத்தை அல்ல, ஏற்றத்தை. சாலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் முதல் ஒரு கிலோமீட்டரே கிட்டத்தட்ட 400 மீட்டர் செங்குத்து. யாரும் பார்த்ததும் திரும்பிப் போகிற சரிவு. மேலே சுட்டால் சுமை முழுக்க இறக்கத்தில்தான் வரும். முழங்காலுக்கு இறக்கம் மோசம் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இந்த மாடிப்படி.

காற்றுக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். எல்க் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை முடியாது. இருட்டிலேயே ஏறி, காற்று திரும்புவதற்குள் பக்கவாட்டு மேட்டுக்குப் போய்விட்டால் நம் வாசனை அதன் பக்கம் போகாது.

சமையல் என் தனி ராஜ்ஜியம். கூடாரம் போடப்போகிற இடம் 2,700 மீட்டர், அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது, பருப்பு ஜென்மத்துக்கும் வேகாது. போன தடவை அரை வேக்காட்டுச் சாதத்தை ரசம் ஊற்றி மென்றோம். இந்தத் தடவை மூன்று லிட்டர் குக்கர் என் பெட்டியில் வருகிறது. கேஸ் குப்பி அடுப்பு அந்தக் குளிரில் மூச்சே விடாது, அதனால் பெரிய புரோபேன் சிலிண்டர் அவர் பொறுப்பு. தண்ணீர்க் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் உறைந்தாலும் மூடிப்பக்கம் திறக்கும்.

குக்கருக்கும் அடங்காத ஒன்று உண்டு. மான்களின் மூளையைத் தின்னும் நாட்பட்ட நோய் ஒன்று அங்கே இருக்கிறது, 1967 இல் கொலராடோவில்தான் முதலில் கவனித்தார்கள். அதற்குக் காரணம் கிருமி இல்லை, உருக்குலைந்த ஒரு புரதம். பத்து விசில் விட்டாலும் ஒன்றும் ஆகாது. மனிதருக்கு வந்ததாகத் தெரியவில்லை என்றாலும், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரிலேயே இருக்கும் என்பது மச்சான் வீட்டுச் சட்டம்.

அம்மா மட்டும் "பாவம்டா அது" என்கிறாள். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி வாங்குகிற வீட்டில் அதற்கு நான் நீளமாகப் பதில் சொல்வதில்லை. நூறு வருடத்துக்கு முன்பு கண்டபடி சுட்டுத் தீர்த்து, அப்புறம் 1913, 14 இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து எல்லாம் கொண்டுவந்து விட்டு, இப்போது அந்த மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது, அங்கே வனவிலங்குத் துறை ஓடுவதில் பெரும்பங்கு இந்த லைசென்ஸ் காசில்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீ எதுக்குப் போற, சும்மா தூக்கவா?" என்றாள். ஆமாம்.

போன ஞாயிறு கடைசியில் அவர் இறங்கிவந்தார். முதல் மூன்று நாள் என் சரிவு, ஒன்றும் தெரியாவிட்டால்தான் அவர் பள்ளம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரரும் சுமக்கக் கூடவே வந்தால். நிம்மதியாகப் படுத்தேன். திங்கள் காலை படியேறி முடித்துப் போனைப் பார்த்தால் வரைபடத்தில் புதிதாக ஒரு நீலக் குறி, சாலையிலிருந்து 6 கிலோமீட்டர். கீழே ஒரு வரி: "சும்மா பாத்து வைங்க மாப்ளே."