பஸ் தூரத்தைப் பார்க்காமல் கல்லூரி தேடிய கதை

2018-ல் நான் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது எங்கள் வீட்டில் டிகிரி முடித்தவர் ஒருவரும் இல்லை. செங்கம் தாலுகா ஆபீசுக்கு அலைந்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினோம். அதனால் தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறைந்தது. அது இல்லாவிட்டால் நான் பொறியியல் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆனாலும் என் கட்-ஆஃபுக்குக் கோவையில் இதைவிட நல்ல கல்லூரி கிடைத்திருக்கும். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் யாருகிட்டம்மா போய் நிக்கிறது?" சாயங்காலம் வீடு திரும்ப முடிகிற கல்லூரிகளை மட்டும் பட்டியலில் போட்டேன். பாடப்பிரிவைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

தம்பியின் முறை 2023-ல் வந்தது. நான் பட்டதாரி ஆகிவிட்டதால் அவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அவன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021-ல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எட்டாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி என்பதால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் படிப்புச் சான்று வாங்கினோம்.

இதற்கிடையில் ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்து, "இப்பவே சேர்ந்தா சீட் உறுதி" என்றார். நேரடியாக மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் 7.5 சலுகை போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மா ஏறக்குறைய சம்மதித்தேவிட்டார். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் கலந்தாய்வு முடியும்வரை யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விருப்பப் பட்டியல் போட உட்கார்ந்த ராத்திரி, தம்பி பழக்கதோஷத்தில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளிலேயே ஆரம்பித்தான். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். முதலில் பாடப்பிரிவு, அடுத்து கல்லூரியின் தரம், ஊர் கடைசியில். முதல் பத்தும் கோவையும் சென்னையும்தான். கோவையில் கிடைத்தது.

சேரப் போன அன்று அலுவலகத்தில், "விடுதிப் பணத்தை இப்போ கட்டுங்க, அரசு கொடுத்ததும் திருப்பித் தர்றோம்" என்றார்கள். ஒதுக்கீட்டு ஆணையில் 7.5 என்று இருந்ததைக் காட்டி, அப்பா அசையாமல் நின்றார். அரைமணி நேரம் கழித்துப் பணமில்லாமலே அறை கொடுத்தார்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பையன்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இப்போது மாதம் 1,000 ரூபாயும் அவன் கணக்கில் ஏறுகிறது. லீவுக்கு ஊர் வர பஸ் காசு கேட்டு அவன் போன் செய்வதில்லை.