ஓரத்தில் பால் கணக்கு

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த பொன்னியின் செல்வனைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துப் பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பை இன்று மாலை மகள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கதையை அவள் தொடவே இல்லை.

மணியத்தின் ஓவியங்களை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, தைல விளம்பரத்தையும் ஓரத்தில் பாட்டி பென்சிலால் குறித்திருந்த பால் கணக்கையும்தான் உரக்க வாசித்தாள்.

பைண்டு செய்தவர் ஓரத்தைச் சற்றுத் தாராளமாகவே வெட்டிவிட்டதால், சில வரிகளின் கடைசி எழுத்துகள் போய்விட்டன. அவற்றை அம்மா, கீரை ஆய்ந்தபடியே, மனப்பாடமாகச் சொல்லி நிரப்பினார்.

என் அலமாரியிலுள்ள ஐந்து பாகப் பதிப்பு அச்சில் இதைவிடத் தெளிவானது. ஆனால், அடுத்த இதழ் வரும்வரை கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீடு ஒன்று இருந்ததை அதில் எங்கே தேடுவது?